விரல் நுனியில் கியர்

சில தானியங்கிக் கார்களில் ஸ்டீயரிங்கின் பின்புறம் காதுமடல் போல இரண்டு சிறு நெம்புகோல்கள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பேடில் ஷிஃப்டர் என்பது அவற்றின் பெயர். இடப்பக்கத்தது கியரைக் குறைக்கும், வலப்பக்கத்தது கூட்டும். 1989ஆம் ஆண்டு பிரேசில் பந்தயத்தில் நைஜல் மான்செல் இவ்வமைப்புடைய ஃபெராரி காரை ஓட்டி வென்றார். 2005இல் ஃபார்முலா ஒன்றில் களமிறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், நம் கோவைக்காரர், இத்தகைய நெம்புகோல்களையே இயக்கினார். ஆதலால் இவை வேகத்திற்கே உரியவை என்ற எண்ணம் பரவியுள்ளது. அதனை நான் ஏற்கவில்லை.

ஸ்போர்ட் மோடில் எஞ்சின் கீழ் கியரிலேயே நெடுநேரம் விரைந்து சுழலும். விசை உடனே கிடைக்கும். எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். கல்யாண்–ஷில் சாலை நெரிசலில் முன்னே நிற்கும் டெம்போவை எந்த விசையால் கடப்பது?

மால்ஷேஜ் மலைப்பாதையில் முர்பாடு நோக்கி இறங்கும்போதுதான் இந்நெம்புகோலின் அருமை புலப்படும். நெடுஞ்சரிவில் பிரேக்கையே தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். முடுக்கியினின்று காலை எடுத்து, இடப்பக்க நெம்புகோலை ஓரிருமுறை இழுத்தால் கியர் குறையும். எஞ்சினே சக்கரங்களின் வேகத்தை அடக்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது லாரி ஓட்டுநர்களின் பழைய விதியன்றோ! மழைக்காலத்தில் அருவி காண அவ்வழியே குடும்பத்துடன் செல்வோர் பலர். கார் விற்போர் ஸ்போர்ட் மோடின் சீற்றத்தைக் காட்டுவதற்கு முன், சரிவில் இறங்கும் இம்முறையைக் கற்பிக்க வேண்டும்.