துருவில் கை வைக்காதீர்கள்

பழைய ஜப்பானிய வாள் கைக்கு வந்ததும் சிலர் முதலில் தேடுவது உப்புத்தாளை. ‘நல்லா தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்’ என்கிறார்கள். ஆகும்தான். ஆனால் வாளின் வரலாறு போய்விடும்.

பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதிக்கு நகாகோ என்று பெயர். கொல்லர் அதை அரத்தால் ராவிவிட்டு, மெருகேற்றாமல் விடுவார். அங்கே படிந்த துருவின் நிறத்தைப் பார்த்தும் வயதைக் கணிக்கிறார்கள். பொறித்த பெயர் போலியாக இருக்கலாம். பல நூற்றாண்டுத் துருவைப் போலி செய்வது அவ்வளவு சுலபமில்லை.

1941-45இல் மலாயாவில் ஜப்பானிய அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியவற்றில் பல, ஆலையில் செய்தவை. சில, ராணுவ உறைக்குள் இருந்த பரம்பரை வாள்கள். மூங்கில் ஆணியைத் தட்டியெடுத்து, பிடியைக் கழற்றினால்தான் எது எதுவென்று தெரியும். தேய்ச்சு முடிச்ச பிறகு எதைப் பார்ப்பீர்கள்?

மெருகேற்றுவதையே தொழிலாகக் கொண்ட தோகிஷிகூட நகாகோவின் துருவைத் தொடமாட்டார். நமக்கென்ன அவசரம்? அலகில் லேசாக எண்ணெய் தடவி, சும்மா வையுங்கள்.