"கூலிங்" காசு 2 ரூபாய்! யார் போட்ட உத்தரவு?

நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசல். பகல் 12 மணி. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

வயதான அம்மாள் ஒருவர் பெட்டிக் கடைக்கு வருகிறார். கையில் ஒயர் கூடை. உள்ளே வார்டில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. "ஒரு தண்ணி பாட்டில் குடுப்பா" என்கிறார். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் நோட்டு ஒன்று, ஐந்து ரூபாய்க் காசு ஒன்று, ஒரு ரூபாய்க் காசு மூன்று என்று எண்ணி வைக்கிறார். சரியாக ரூ.18. பாட்டிலில் அச்சடித்திருக்கும் விலையும் அதுதான்.

"இன்னும் ரெண்டு ரூபா குடு ஆயா."

"பதினெட்டுன்னுதானேப்பா போட்டிருக்கு? நேத்து என் பேத்தி படிச்சுச் சொல்லிச்சே!"

"அது கம்பெனி ரேட்டு. பிரிட்ஜில வெச்சிருக்கேன்ல? கூலிங் சார்ஜ்."

"எனக்குக் கூலிங் வேணாம்பா. டாக்டரும் ஜில்லுனு குடுக்கக் கூடாதுன்னாரு. வெளிய அடுக்கி வெச்சிருக்கியே, அதுல ஒண்ணு குடு."

"எல்லாம் ஒரே ரேட்டுதான் ஆயா! வேணும்னா வாங்கு, இல்லாட்டி நகரு. பின்னால ஆள் நிக்குது."

அம்மாள் மறுபடியும் முடிச்சை அவிழ்த்தார்.

பின்னால் நின்ற ஆள் நாம்தான். நாமும் 20 ரூபாய் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினோம். வாயைத் திறக்கவில்லை. பஸ் வந்துவிட்டது. இரண்டு ரூபாய்க்கு நடுரோட்டில் சண்டை போடுவதா என்று ஒரு கூச்சம். இந்தக் கூச்சத்தை நம்பித்தான் ஊர் பூராவும் இந்த வியாபாரம் நடக்கிறது!

குளிராத பாட்டிலுக்கும் கூலிங்

பாரிமுனை, தி.நகர், தாம்பரம், கிளாம்பாக்கம்... எங்கே வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு 2 ரூபாய் கூடுதல். கலர் பாட்டிலுக்கு 2 முதல் 5 ரூபாய். மோர் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய். பாட்டில் என்றதும் சில வாசகர்களுக்கு வேறு பாட்டில் ஞாபகத்துக்கு வரும். அது தனிக் கதை. இன்று தண்ணீரோடு நிறுத்திக்கொள்வோம்.

கரண்ட் போய் அரை நாள் ஆகியிருக்கும். பாட்டில் வெந்நீர் மாதிரி சுடும். அதற்கும் கூலிங் சார்ஜ் உண்டு. மார்கழி மாதம், பனியில் பல் தந்தி அடிக்கும் நேரத்திலும் உண்டு. ஆக, குளிருக்கும் இந்தக் காசுக்கும் சம்பந்தமே கிடையாது. பேர் மட்டும்தான் கூலிங்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு காலத்தில் டப்பாவில் ஒரு விலை அச்சடித்து, பக்கத்திலேயே "உள்ளூர் வரிகள் தனி" என்று எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். எவ்வளவு தனி? அது கடைக்காரருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். கடைக்குக் கடை ஒரு கணக்கு. அந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் 1990-ல் விதியைத் திருத்தி, "எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை" என்று போட வைத்தார்கள். எம்.ஆர்.பி. என்று நாம் சொல்வது அதைத்தான்.

பிறகு 2009-ல் சட்டமுறை எடையளவுச் சட்டம் வந்தது. 2011-ல் பொட்டலப் பொருள் விதிகள் வந்தன. அச்சடித்த விலைக்கு மேல் சில்லறைக் கடைக்காரர் விற்கக் கூடாது என்று அதில் பச்சையாகவே எழுதியிருக்கிறது. குறைத்து விற்கலாம். கூட்டி விற்கக் கூடாது. பிரிட்ஜில் வைத்தால் தனி, வெளியில் வைத்தால் தனி என்று ஒரு வரி கிடையாது.

"ஓட்டலில் மட்டும் கூட வாங்குகிறார்களே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஓட்டல், ரெஸ்டாரண்டுகள் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது வாஸ்தவம். அங்கே பாட்டிலை மட்டும் விற்கவில்லை; மேசை, நாற்காலி, பரிமாறுகிற ஆள் எல்லாம் சேர்ந்த சேவை என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. நம் பெட்டிக் கடையில் ஏ.சி. உண்டா? நாற்காலி உண்டா? ஒரே ஒரு பெஞ்சு இருக்கும். அதிலும் கடைக்காரரின் மச்சான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

டெல்லியில் விட்ட காசு கல்லாவில்!

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் பாட்டில் தண்ணீருக்கு ஜி.எஸ்.டி. வரியை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 20 ரூபாய் பாட்டிலில் முன்பு வரி மட்டும் ரூ.3.05. சரக்கின் விலை ரூ.16.95. அதே சரக்குக்கு 5 சதவீதம் போட்டால் வரி 85 காசு. மொத்தம் ரூ.17.80. அதனால்தான் பல கம்பெனிகளின் லிட்டர் பாட்டில் 18 ரூபாய் என்று அச்சாகி வந்தது. ரெயில்வேயின் "ரெயில் நீர்" பாட்டிலும் அன்று முதல் 15-லிருந்து 14 ஆனது. அரை லிட்டர் 10-லிருந்து 9.

ஆக, சர்க்கார் பாட்டிலுக்கு 2 ரூபாய் விட்டுக் கொடுத்தது. கம்பெனியும் குறைத்து அச்சடித்தது. அந்த 2 ரூபாய் டெல்லியிலிருந்து கிளம்பி, லாரி ஏறி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பத்திரமாக வந்து சேர்ந்தது. அங்கே கூலிங் சார்ஜ் என்ற பேரில் கல்லாப் பெட்டிக்குள் விழுந்துவிட்டது!

அன்றும் 20. இன்றும் 20. வரி குறைந்தது யாருக்காவது தெரிந்ததா?

கேட்டால் முதலில் "பழைய ஸ்டாக் சார்" என்றார்கள். புதுச் சரக்கு வந்த பிறகு "சில்லறை இல்லை சார்" என்றார்கள். இரண்டு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் இரண்டை நீட்டுகிறவர்களும் உண்டு. அதே மிட்டாயை நாம் காசுக்குப் பதிலாகத் திருப்பிக் கொடுத்தால் வாங்குவார்களா?

கடைக்காரர் கட்சி

நம் தெருமுனைக் கடைக்காரர் நல்ல மனுஷர். இருபது வருஷப் பழக்கம். மாசக் கடைசியில் கடன் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். அவரிடமே கேட்டோம். கொட்டித் தீர்த்துவிட்டார்.

"வீட்டுக்குன்னா நூறு யூனிட் சும்மா குடுக்கிறாங்க. கடைக்குக் குடுக்கிறாங்களா சார்? இந்தப் பிரிட்ஜ் ராத்திரி பகலா ஓடுது. பூட்டிட்டுப் போனாலும் ஓடுது. சப்ளை பண்றவன் கிட்ட மார்ஜின் கூட்டிக் குடுன்னா சிரிக்கிறான். ஐஸ் இல்லாம வெளிய வெச்சா ஒருத்தரும் தொட மாட்டேங்கிறீங்க. நான் எங்க சார் போவேன்?"

இதில் பொய் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய கண்ணாடிக் கதவுப் பிரிட்ஜ், கோடையில் நாளைக்கு 6 யூனிட் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் நாளைக்கு 60 ரூபாய். சுமாரான ஒரு பஸ் ஸ்டாண்டு கடையில் நாளைக்கு 100 பாட்டில் போகிறது என்றால், கூலிங் காசு மட்டும் 200. கரண்ட் பில் போக மிச்சம் 140. இது பாட்டிலில் வருகிற சாதாரண லாபத்துக்கு மேலே!

சின்னக் கடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நாளைக்கு 20 பாட்டில் விற்கிறவருக்குக் கரண்ட் காசுக்கே இழுபறிதான். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதை யாரிடம் கேட்க வேண்டும்? பல கடைகளில் பிரிட்ஜின் கதவிலேயே கம்பெனி பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. தன் சரக்கு விற்பதற்காகக் கம்பெனியே கொண்டுவந்து நிறுத்திய பிரிட்ஜ் அது. பிரிட்ஜ் கம்பெனியுடையது, கரண்ட் கடைக்காரருடையது, காசு மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்த ஆயாவுடையதா?

2017-ம் வருஷம் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. உலகக் கம்பெனிகளையே எதிர்த்து நின்றவர்கள். அவர்கள் ஒன்றாகப் போய் "கூலிங்குக்கு உண்டான மார்ஜினை எடு" என்று கம்பெனிக்காரனின் சட்டையைப் பிடித்தால் நடக்காதா? நடக்கும். ஆனால் நம் சட்டைப் பையில் கைவிடுவது அதைவிடச் சுலபமாக இருக்கிறதே!

பாலிலும் இதே கதைதான். விடியற்காலை 5 மணிக்குப் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதல். பிள்ளைக்குப் பால் காய்ச்ச வேண்டிய நேரத்தில் யார் வாதாடுவார்கள்? தினம் 2 பாக்கெட் வாங்குகிற குடும்பத்துக்கு மாசம் 60 ரூபாய், வருஷம் 720 ரூபாய். ஒரு குமாஸ்தா வீட்டில் இது பிள்ளைகளின் நோட்டுப் புத்தகக் காசு.

தப்பிக்க வழியில்லாத இடம்

சாதாரணத் தெருவில் ஒரு கடை இல்லாவிட்டால் இன்னொரு கடை. நெடுஞ்சாலை மோட்டலில்? பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று டிரைவர்தான் முடிவு செய்கிறார். ராத்திரி 1 மணி. பத்து நிமிஷம். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு ஓடி வர வேண்டும். சினிமாக் கொட்டகையில் வெளித் தீனிக்குத் தடை போட உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் நல்ல குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே வழக்கில் கோர்ட் குறித்துக்கொண்டது. இடைவேளையில் "தண்ணீர்க் குழாய் எங்கே?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

ரெயிலில் "பில் இல்லையா, பணம் இல்லை" என்று 2019-லேயே அறிவித்தார்கள். கூடுதல் கேட்டால் 139-க்குப் போன் அடிக்கலாம்.

இத்தனைக்கும் 2013 செப்டம்பரில் "அம்மா குடிநீர்" என்று லிட்டர் பாட்டிலைப் பஸ் ஸ்டாண்டுகளில் 10 ரூபாய்க்கு விற்ற ஊர் இது. அந்தக் கடைகள் மெல்ல மெல்லக் கண்ணில் படாமல் போய்விட்டன. 10 ரூபாய் பாட்டில் பக்கத்தில் இருந்தவரை, எதிர்க் கடைக்காரருக்கும் கொஞ்சம் பயம் இருந்தது.

காட்டிக் கொடுக்கும் பெட்டி

புகார் செய்யலாமா? தாராளமாக. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை. நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது.

"ஆனா பில் எங்கே?" என்பார்கள். பெட்டிக் கடையில் பில்லா? அங்கேதான் இத்தனை வருஷமாகப் புகார்கள் செத்துப் போயின.

இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறோமே, அதுதான். முதலில் பாட்டிலின் விலையை ஒரு போட்டோ எடுங்கள். பிறகு பணம் கட்டுங்கள். கடையின் பேர், தேதி, மணி, தொகை எல்லாம் போனிலேயே நிற்கும். இன்னொரு வேடிக்கை. கடை வாசலில் ஒரு சின்னப் பெட்டி "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துகிறது. 18 ரூபாய் பாட்டிலுக்கு 20 வாங்கியதைக் கடையே தண்டோரா போடுகிறது! சில்லறை இல்லை என்ற சாக்கும் இங்கே செல்லாது. 18 என்று அடித்தால் 18 போகிறது.

ஆனால் அந்த அம்மாளிடம் போன் இல்லை. முந்தானை முடிச்சுதான் இருந்தது.

ஆகவே முத்திரை ஆய்வாளர்களுக்கு ஒரு வார்த்தை. தராசுக்கு முத்திரை போடுவதும் பெட்ரோல் பங்கில் அளவு பார்ப்பதும் அவசியம்தான். அதோடு ஒரு நாள், பகல் 12 மணிக்கு, நகரத்தில் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நில்லுங்கள். ஜீப் வேண்டாம். முன்னால் ஆள் அனுப்ப வேண்டாம். வேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஒரு ஒயர் கூடையோடு வாருங்கள். பத்து ரூபாய் நோட்டு ஒன்று, ஐந்து ரூபாய்க் காசு ஒன்று, ஒரு ரூபாய்க் காசு மூன்று எண்ணி வைத்து, ஒரு தண்ணீர் பாட்டில் கேட்டுப் பாருங்கள்.