பிள்ளையின் குரலைப் பதிவுசெய்ய எந்தக் கருவி?



பள்ளியில் பாட்டுக்குழு நடத்தும் ஆசிரியர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது இது: "கித்தார் வாசித்துக்கொண்டே பாடும் மாணவர்களைப் பதிவுசெய்ய எந்தக் கருவியை வாங்கலாம்?" பெற்றோர் கேட்பதோ வேறு: "கையில் கைப்பேசி இருக்கும்போது தனிக் கருவி எதற்கு?" இரண்டுமே நியாயமான கேள்விகள். பெற்றோரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கைப்பேசியின் முதற்பணி உரையாடல். ஆதலால், ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் ஏற்பாடும் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடும் பல கைப்பேசிகளில் உண்டு. பேச்சுக்கு இவை நன்மை; இசைக்குத் தீமை. மாணவன் மெல்லத் தொடங்கினால் கைப்பேசி ஒலியை உயர்த்துகிறது. உச்சத்தில் பாடினால் அமுக்குகிறது. கித்தார்க் கம்பி அதிர்ந்து அடங்கும் ஓசையை இரைச்சலென்று கருதி நறுக்கிவிடுவதும் உண்டு. மென்மைக்கும் உரப்புக்கும் உள்ள வேறுபாடே பாட்டின் உயிர். அதைத் தட்டையாக்கிய பதிவைக் கேட்கும் பிள்ளை, "என் குரல் நன்றாக இல்லை" என்று முடிவுகட்டி விடுகிறது. குறை கருவியுடையது, தளர்ந்து போவதோ பிள்ளையின் மனம். என் கவலை இதுதான்.

ஆகவே, தனிக் கருவி தேவை என்பது என் கருத்து. அது விலையுயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன்.

நான்கு தடங்களில் பதியும் கருவிகளையும் எக்ஸ்.எல்.ஆர் இணைப்புள்ள கருவிகளையும் விற்பனையாளர்கள் புகழ்ந்துரைப்பர். அவற்றின் முழுப்பயனைப் பெற ஒலிவாங்கிகள், தாங்கிகள், கம்பிவடங்கள் என்று ஒவ்வொன்றையும் தனியே வாங்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சிறுசேமிப்பு அதிலேயே கரைந்துவிடும். ஒரு பிள்ளை, ஒரு கித்தார் என்றால் இரண்டு ஒலிவாங்கிகள் உள்ளடங்கிய கையடக்கக் கருவியே போதும். 2018இல் வந்த ஸூம் எச்1என், 2019இல் வந்த டாஸ்காம் டிஆர்-05எக்ஸ், 2024இல் வந்த ஸூம் எச்1 எசென்ஷியல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு. டாஸ்காமின் ஒலிவாங்கிகள் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும். அமைதியான அறையில் அது இயல்பாக ஒலிக்கும்; மின்விசிறி சுழலும் வகுப்பறையிலோ விசிறியும் சேர்ந்தே பாடும். ஸூம் கருவிகளின் ஒலிவாங்கிகள் முன்பக்கத்தையே பெரிதும் நோக்குபவை. நம் பள்ளிச் சூழலுக்கு இவையே ஏற்றவை என்பேன். எச்1 எசென்ஷியல் 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் பதிகிறது. பதியும்போது ஒலியளவை அமைக்க வேண்டியதில்லை. பிறகு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் சரிசெய்து கொள்ளலாம். தனியாளாக எல்லாவற்றையும் கவனிக்கும் ஆசிரியருக்கு இது பெரிய உதவி.

எதை வாங்கினாலும் இந்நான்கையும் பாருங்கள்.

1. 32 பிட் மிதவைப் புள்ளி முறை இல்லாத கருவியானால், ஒலியளவைக் கையால் அமைக்க முடிய வேண்டும். மிக உரத்த இடத்திலும் அளவுகாட்டி -12 டெசிபெல் அளவில் நிற்கட்டும். இத்தகைய கருவியில் எல்லைமீறிச் சிதைந்த ஒலியை முழுமையாக மீட்க இயலாது.

2. ஹெட்ஃபோன் செருகும் துளை இருக்க வேண்டும். கேட்காமல் பதிவது, சுவைக்காமல் பரிமாறுவது போன்றது.

3. ஏஏ அல்லது ஏஏஏ மின்கலத்தில் இயங்குவது நல்லது. தீர்ந்துவிட்டால் பக்கத்து மளிகைக்கடையிலேயே வாங்கிவிடலாம்.

4. வேவ் கோப்பாகப் பதிய வேண்டும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைட் ஆகும். 32 கிகாபைட் அட்டையில் சுமார் 50 மணிநேரம் அடங்கும். எம்பி3 வடிவம் அனுப்புவதற்கு மட்டும் போதும்.

கருவியைவிட அதை வைக்கும் இடம் முக்கியம். பாடுபவருக்கு முன்னால் முக்கால் மீட்டர் தொலைவில், வாய்க்கும் கித்தாருக்கும் இடைப்பட்ட உயரத்தில் நிறுத்துங்கள். குரல் மிகுந்தால் கருவியைச் சற்றுத் தாழ்த்துங்கள். கித்தார் மிகுந்தால் உயர்த்துங்கள். கித்தாரின் ஒலித்துளைக்கு நேராக வைத்தால் ஓசை முழங்கும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கியிருந்தால் தெளியும். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக்கூரையில் மழை விழும்போது பதிவைத் தள்ளிவையுங்கள். வெற்றுச் சுவர்கள் எதிரொலிக்கும் வகுப்பறையைவிடப் புத்தக அடுக்குகள் நிறைந்த நூலகம் பல வேளைகளில் சிறந்த பதிவறை. இவற்றுக்கெல்லாம் ஒரு காசும் செலவில்லை.

இதில் தமிழாசிரியருக்குத் தனிப் பயன் ஒன்றுண்டு. லகர, ளகர, ழகர வேறுபாட்டை எத்தனை முறை நாம் திருத்தினாலும், பிள்ளை தன் குரலைத் தானே தெளிவாகக் கேட்டுத் திருத்திக்கொள்வதற்கு அது ஈடாகாது. பாட்டுக்கு வாங்கிய கருவி வாசிப்புக்கும் கதைசொல்லலுக்கும் உதவும். ஆயினும், பெற்றோரின் இசைவில்லாமல் எந்தப் பிள்ளையின் பதிவையும் இணையத்தில் ஏற்றாதீர்கள்.

சில நூறு ரிங்கிட்டில் முடியும் செலவு இது. அடுத்த சங்கக் கூட்டத்தில் கோப்பைகளுக்கும் பதாகைகளுக்கும் பணம் ஒதுக்கும்போது, பிள்ளைகளின் குரலுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.