ஈட்டி பறந்த இரவு

பொருள் தேடிப் புறப்பட்டு வந்த குடும்பங்கள் நம்முடையவை. தாராவியின் தோற்பட்டறைகளுக்கும், கோட்டைப் பகுதியின் அலுவலகங்களுக்கும், செம்பூரின் ஆலைகளுக்கும் நம் முன்னோர் வந்தது உழைப்பைத் தந்து ஊதியம் பெறுவதற்காகவே. அவர்தம் மக்களுள் பலர் பின்னாளில் முலுண்டில் வீடு அமைத்துக் கொண்டனர். கணக்கெழுதுவதும், இயந்திரம் இயக்குவதும், கணிப்பொறியின் முன் அமர்வதும் நம் வீடுகளில் மதிப்புடைய தொழில்கள். ஆயின் ஓடுவதையும் எறிவதையும் தொழிலாகக் கொண்டு ஒருவன் வாழலாம் என்று சொன்னால் நம்மவர் புருவம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தைச் சற்றே தளர்த்திய ஓர் இரவைப் பற்றி இம்மாதம் எழுத விழைகிறோம்.

2025ஆம் ஆண்டு ஜூலை 5, சனிக்கிழமை. பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கில் ‘நீரஜ் சோப்ரா கிளாசிக்’ என்னும் பன்னாட்டு ஈட்டி எறிதல் போட்டி நடந்தது. அரியானாவிலுள்ள பஞ்ச்குலாவில் நடத்த எண்ணிய போட்டி இது. அங்கு விளக்கு வசதி போதாமையால் பெங்களூருக்கு மாறிற்று. மே மாதத்தில் எல்லையில் மூண்ட மோதலால் நாளும் தள்ளிப் போயிற்று. இறுதியில் ஏழு அயல்நாட்டாரும் ஐந்து இந்தியருமாகப் பன்னிருவர் களம் இறங்கினர்.

முலுண்டிலிருந்து மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து, கல்யாணில் உத்யான் விரைவு வண்டியைப் பிடித்துப் புறப்பட்டோம். “ஈட்டி எறிவதைப் பார்க்க ஒரு பகலும் ஓர் இரவும் இரயிலிலா? வீட்டுத் தொலைக்காட்சியிலேயே காட்டுவார்களே, தம்பி!” என்று குடியிருப்புப் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எம்முடன் வந்தவர்களுள் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி இருந்தாள். பள்ளிப் போட்டிகளில் நானூறு மீட்டர் ஓடுபவள். மறு ஆண்டு பத்தாம் வகுப்பு. ஆதலின் இனி ஓட்டம் வேண்டா என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஆறுதலாக இருக்கட்டும் என்றே தந்தையார் அவளை அழைத்து வந்திருந்தார்.

மாலை ஏழு மணிக்குப் போட்டி தொடங்கிற்று. தொலைக்காட்சி காட்டாதது எது என்பது முதல் வீச்சிலேயே விளங்கிவிட்டது. ஆடவர் ஈட்டியின் எடை 800 கிராம். நீளம் இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். அதை ஏந்தி முப்பது மீட்டர் ஓடி, இறுதி அடிகளில் உடலைப் பக்கவாட்டில் திருப்பி, இடக்காலைத் தரையில் ஊன்றுகிறார் வீரர். ஓட்டத்தின் விசை முழுவதும் அந்த ஒற்றைக் காலில் தடைப்பட்டுத் தோள்வழியே கைக்கு ஏறுகிறது. எறிந்த பின்பும் வெள்ளைக் கோட்டைத் தாண்டாமல் நின்றாக வேண்டும். காலடி ஓசையும், எறிபவர் அடித்தொண்டையிலிருந்து எழுப்பும் முழக்கமும் மேல்வரிசை வரை கேட்டன. பல்லாயிரவர் தாளமிட்டுக் கை தட்டுகின்றனர். ஈட்டி கையைவிட்டு நீங்கியதும் கைதட்டல் சட்டென அடங்குகிறது. விளக்கொளியில் அது மிதந்து இறங்கும் அந்த மூன்று நான்கு நொடி மௌனம் எந்தத் திரையிலும் கிட்டாது.

நீரஜின் முதல் வீச்சு பிழையாயிற்று. சிவப்புக் கொடி உயர்ந்தது; அரங்கம் பெருமூச்செறிந்தது. இரண்டாவது 82.99 மீட்டர். மூன்றாவதில் 86.18 மீட்டர். அன்றிரவு அதை எவரும் எட்டவில்லை. எதிர்க்காற்று எல்லோரையும் சோதித்தது. கென்யாவின் ஜூலியஸ் யேகோ 84.51 மீட்டர் எறிந்து இரண்டாம் இடம் பெற்றார். காணொளிகளைப் பார்த்தே இக்கலையைப் பயின்று, 2015இல் பெய்ஜிங்கில் உலக வாகையர் ஆனவர் அவர். மூன்றாம் இடம் இலங்கையின் ருமேஷ் பதிரகேவுக்கு, தூரம் 84.34 மீட்டர். நம் நாட்டின் சச்சின் யாதவ் 82.33 மீட்டருடன் நான்காவதாக வந்தார். சொந்த நாட்டான் வென்ற மகிழ்ச்சி ஒருபுறமிருக்க, கென்ய நாட்டானுக்கும் இலங்கையனுக்கும் அதே கூட்டம் மனமாரக் கை தட்டியதைக் கண்டு உள்ளம் குளிர்ந்தோம்.

இவ்வீரர்கள் இதைத் தொழிலாகச் செய்பவர்கள் என்பதை இங்கே கருதவேண்டும். தடகளத்தில் பணம் பெறுவது நெடுங்காலம் குற்றமாக இருந்தது. 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப், அதற்கு முன்னர் பேஸ்பால் ஆடிச் சிறுதொகை பெற்றார் என்பதற்காக மறு ஆண்டே பதக்கங்களை இழந்தார். அவை அவர் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தது 1983இல்; அப்போது அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தனி வெற்றியாளர் என்ற சிறப்பு 2022இல்தான் மீண்டது. உலகத் தடகளக் கழகம் தன் பெயரிலிருந்து ‘அமெச்சூர்’ என்னும் சொல்லை நீக்கியது 2001இல். அக்கழகமே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தடகளத் தங்கம் ஒவ்வொன்றுக்கும் 50,000 டாலர் பரிசு வழங்கியது.

பணம் வாங்காமல் விளையாடுவதே உயர்வு என்னும் பழைய கொள்கை கேட்பதற்கு இனியது. ஆயின் அதனால் பயனடைந்தோர் யார்? வீட்டில் செல்வமுள்ளோரே. கூலிக்குப் போகவேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு அக்கொள்கை பூட்டிய கதவாக நின்றது. நீரஜ், பானிப்பட்டு மாவட்டத்துக் காந்த்ரா என்னும் சிற்றூரின் உழவர் குடும்பத்தவர். இராணுவ வேலையும் பயிற்சி உதவியும் இல்லையேல் 2021 ஆகஸ்டு 7 அன்று டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றிருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள்.

நம்மவரிடமும் சான்று உண்டு. மதுரைச் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். கூலி வேலை செய்து பாட்டி வளர்த்த அப்பெண் வெறுங்காலுடன் ஓடத் தொடங்கி, டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடரோட்டத்தில் ஓடினார். 2023 ஆகஸ்டில் புடாபெஸ்டில் நடந்த உலகப் போட்டியில், 4×400 மீட்டர் தொடரோட்டத் தகுதிச் சுற்றை இந்திய அணி 2 நிமிடம் 59.05 நொடியில் ஓடி அமெரிக்காவை அடுத்து இரண்டாவதாக வந்தது. அது அப்போது ஆசியச் சாதனையாக இருந்தது. கடைசிச் சுற்றை ஓடியவர் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றிய ராஜேஷ் ரமேஷ். இரயில்வே வேலைக்கு நம் வீடுகளில் உள்ள மதிப்பை நாம் சொல்ல வேண்டியதில்லை. அவ்வேலையை இவ்விருவருக்கும் ஈட்டித் தந்தவை அவர்தம் கால்களே.

இதனால் படிப்பைக் கைவிடச் சொல்கிறோம் என்று எவரும் கொள்ளற்க. களத்தில் வாழ்வு பெறுவோர் சிலரே. ஒரு காயம் பத்தாண்டு உழைப்பை முறித்துவிடும். ஆயின் பத்தாம் வகுப்பு என்றவுடன் ஓடும் பிள்ளையை நிறுத்தி வைக்கும் வழக்கத்தால் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு திறம் இருந்தது என்பதே நமக்குத் தெரியாமற் போகிறது. தடையும் குறைவன்று. நேப்பியன் சீ சாலைப் பிரியதர்சினி பூங்காவில் செயற்கை ஓடுபாதை உண்டு. முலுண்டிலிருந்து இரயிலும் பேருந்தும் மாறிப் போய்வர அரைநாள் கழிந்துவிடும். இவ்வளவு தடை இருக்க, வீட்டுத் தடையும் எதற்கு?

திரும்பும் வண்டியில் அச்சிறுமியின் தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்தார். குல்பர்கா தாண்டிய பின் மகளை நோக்கி, “நாளைக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி வேண்டுமம்மா, ஒரு பிள்ளைக்கு?” என்றார். “ஒரு மணி போதும் அப்பா” என்றாள் அவள். இப்போது வாரத்தில் நான்கு நாள் காலை ஆறு மணிக்கு அவளை அவரே மைதானத்துக்கு அழைத்துச் செல்கிறார். கணக்குப் பாடமும் குறைவின்றி நடைபெறுகிறது.

வாசக அன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இரண்டு. பள்ளிகளுக்கிடையே நடக்கும் தடகளப் போட்டிகளுக்கு இவ்வாண்டு ஒரு நாளேனும் குடும்பத்துடன் சென்று அமருங்கள். கை தட்டுவோர் இன்றி ஓடும் பிள்ளைகள் அங்கே பலர். அடுத்து, சங்க ஆண்டு விழாவில் மதிப்பெண்ணில் முதல்வர்களாக வந்தோருக்குப் பரிசளிக்கிறோம். போட்டிகளில் ஓடியும் தாண்டியும் எறிந்தும் வந்த பிள்ளைகளையும் அதே மேடைக்கு அழைத்து, அதே பரிசை அளிப்போமாக. செயற்குழு இதனை வரும் கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளும் என நம்புகிறோம்.