குற்றம் தாயின் மீதா?



ஆறு மாதம் வரை நன்றாக வளர்ந்த குழந்தை வெளிறிப் போகிறது, பால் குடிக்க மறுக்கிறது, வயிறு வீங்குகிறது. பரிசோதித்த மருத்துவர், “தலசீமியா” என்கிறார். உடனே வீட்டில் ஒரு குரல் எழுகிறது: “எங்கள் குடும்பத்தில் இப்படி ஒருவரும் இருந்ததில்லை. எல்லாம் இவள் கொண்டு வந்தது!” பெற்றவள் தலைகுனிந்து நிற்கிறாள்.

இக்குற்றச்சாட்டு நியாயமானதா? சற்றே சிந்திப்போம்.

இரத்தத்திற்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின் உருவாகத் தேவையான மரபணு ஒன்று நம் ஒவ்வொருவரிடமும் இரண்டாக உள்ளது. ஒன்று தந்தை தந்தது. மற்றது தாய் தந்தது. ஒன்று பழுதுபட்டிருப்பினும் மற்றது பணியைச் செய்துவிடும். அத்தகையவர் நோயாளி அல்லர். இலேசான இரத்தசோகை தவிர வேறு குறை தெரியாமல் வாழ்ந்து முடிப்பவர் பலர். “எங்கள் குடும்பத்தில் இல்லை” என்ற எண்ணம் பிறப்பது இதனால்தான்.

பழுதைச் சுமக்கும் இருவர் மணம் புரிந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்புண்டு. “முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும்” என்பது தவறான கணக்கு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. நோயுற்ற குழந்தை ஒரு பழுதைத் தந்தையிடமிருந்தும் மற்றொன்றைத் தாயிடமிருந்தும் பெறுகிறது. பிறகு தாயை மட்டும் பழிப்பது எவ்வகையில் நீதியாகும்?

சாச்சா, மாமா பிள்ளைகளுக்கிடையே மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவானது. எனவே சொந்தத்தில் மணம் முடிக்கையில், மறைந்திருக்கும் ஒரே பழுது இருபுறமும் சந்திக்கும் வாய்ப்பு மிகுகிறது. அந்நியரை மணப்பவர்க்கும் இது நேரக்கூடும். மார்க்கம் உறவுத் திருமணத்தை அனுமதித்துள்ளது, கட்டாயமாக்கவில்லை.

கடுமையான தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் இதயத்திலும் கல்லீரலிலும் சேரும் இரும்புச்சத்தை வெளியேற்றவும் மருந்து தேவை. பொருத்தமான எலும்பு மச்சை கிடைத்தால் மாற்றுச் சிகிச்சையும் உண்டு. அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆனால் முன்கூட்டியே அறிவது எளிது. சாதாரண இரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால், ஹீமோகுளோபின் ஏ2 அளவையும் பார்க்க வேண்டும். ஈரானில் 1997 முதலும், சவூதி அரேபியாவில் 2004 முதலும் மணமக்களுக்குத் தலசீமியா சோதனை கட்டாயமாக உள்ளது. சவூதியில் முடிவு எதுவாயினும் திருமணத்திற்குத் தடையில்லை. அறிந்து முடிவெடுப்பதே நோக்கம். மணமானவர்களும் சோதித்துக்கொள்ளலாம், கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே கருவின் நிலையை அறியவும் வழியுண்டு.

பழுதைச் சுமப்பது இழிவன்று. அதை மறைப்பதே கேடு. மஹரும் மண்டபமும் பேசும் சபையில் ஓர் இரத்தப் பரிசோதனையையும் பேசுவதில் வெட்கம் ஏன்? நிச்சயம் செய்யுமுன் பேசுங்கள். நாளை ஒரு குழந்தையின் வேதனையும் ஒரு தாயின் கண்ணீரும் தடுக்கப்படலாம்.