வீட்டுக்கு வேண்டியது: காபி கொட்டிவிட்டதா?

தலைதீபாவளிக்கு என் அப்பா மாப்பிள்ளைக்கு ஆசையாக எடுத்த மயில்கண் வேஷ்டி. அதில் காலைக் காபியைக் கொட்டிய புண்ணியவதி நான்தான்! பதறிப்போய், அடுப்பிலிருந்த வெந்நீரை ஊற்றிக் கசக்கு கசக்கென்று கசக்கினேன். "அடி அசடே, பால் காபிக்குப் போய் வெந்நீரா?" என்று அம்மா ஓடி வருவதற்குள் பழுப்பு வளையம் படிந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கறை உள்ளே போகும்படி மடித்துக் கட்டிக்கொண்டார். எனக்குத்தான் பட்சணம் இறங்கவில்லை.

சூடு பட்டால் முட்டை இறுகுகிறதல்லவா? பாலிலுள்ள புரதமும் அப்படித்தான். நூலோடு இறுகி, காபியின் நிறத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் முதலில் பச்சைத் தண்ணீர்தான். துணியைத் திருப்பி, கறையின் பின்பக்கம் குழாயடியில் காட்டுங்கள். வந்த வழியே போகட்டும். பிறகு சலவைத்தூள் கரைத்த தண்ணீரில் அரை மணி ஊறட்டும். பார் சோப்பை நேரே தேய்க்காதீர்கள். காபி, டீயின் துவர்ப்புக் கறையை அது சில சமயம் நிலைக்க வைத்துவிடும். மிச்சம் தெரிந்தால் ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகரில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு ஒற்றி, அலசுங்கள். கறை முழுக்கப் போகாமல் இஸ்திரி மட்டும் போடவே கூடாது.

பால் சேராத டீ, வெள்ளைப் பருத்தித் துணியில் சிந்தினால் வெந்நீர் ஊற்றலாம்; பாதகமில்லை.

பழைய கறையா? வெள்ளைப் பருத்திக்கு மட்டும், மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. பாட்டிலில் 6 என்றிருந்தால் சம அளவு தண்ணீர் சேருங்கள். ஓரத்தில் சோதித்துவிட்டு, பத்து நிமிஷம் வைத்து அலசவும். ஜரிகையில் படக்கூடாது.

பட்டுப் புடவையா, கைவைத்தியமே வேண்டாம். சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, டிரைகிளீனிங்குக்குக் கொடுங்கள். "பால் காபி கொட்டியது" என்று சொல்லிக் கொடுத்தால் அவர்களுக்கு வேலை சுலபம்.

ஒன்று மட்டும் கவனம், குழந்தை வைத்திருப்பவர்களே! வினிகரோ எலுமிச்சையோ போட்ட துணியில் பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். சாத்திய குளியலறையில் மூச்சு முட்டிவிடும். கரைத்த மிச்சத்தை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் ஆபத்து. குழந்தைக்கு அது ஜூஸ்தானே?

இளநீர் இருக்கிறதே, அது இன்னொரு கள்ளன். சிந்தும்போது வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும், நாமும் உதறிவிட்டுப் போவோம். காய்ந்தபின் பழுப்பாக எழுந்து நிற்கும். நிறம் தெரியாவிட்டாலும், சிந்திய கையோடு அலசிவிடுங்கள்.