குறையைச் சொல்லி விற்போம்

1995 இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் ஆரம்பித்த இணையச் சந்தையே பின்னர் ஈபே ஆயிற்று. அங்கு முதலில் விலைப்பட்டது பழுதடைந்த லேசர் ஒளிகாட்டி ஒன்று. பழுதென்று தெரிந்தே ஒருவர் 14 டொலர் 83 சதத்துக்கு வாங்கினார். மறைக்காத குறை விற்பனையைத் தடுக்கவில்லை.

இன்று நம்மிலும் சிலர் பழைய பித்தளைச் செம்பு, குத்துவிளக்கு, வானொலிப் பெட்டி முதலியவற்றைக் கைத்தொலைபேசி வழியாக விற்க முனைகின்றோம். பொருள் திரும்பி வந்தால் தபாற்காரரையும் வாங்கியவரையும் குறை கூறுகின்றோம். வெடிப்பைப் படத்தில் காட்டினோமா? உயரத்தையும் நிறையையும் எழுதினோமா? வைக்கோலோ பழந்துணியோ அடைத்துப் பொதி கட்டினோமா?

நாம் இடம்பெயர்ந்தது நமது பிழையன்று. ஆனால் நாம் கட்டும் பொதிக்கு நாமே பொறுப்பு. தவறு நம்முடையதாயின் பணத்தைத் திருப்பிக் கொடுப்போம். அடுத்தவர் நம்மை நம்பி வாங்குவார்.